புதுப்பிப்பு: உறைந்து நிற்கும் கணினி, வைரஸ் இல்லையாம்

வேளச்சேரி வீட்டு டெஸ்க்டாப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடுகிறது, மவுஸ்கூட நகர்வதில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பலர் வைரஸ் என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விண்டோஸோடே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே நடக்கும் சோதனை) ஓட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை. அப்புறம் ஒருவர் சொன்னபடி கணினியின் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு வேலை என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். உறையும் நேரத்தில் சிபியு வெறும் 8 சதவீதம், டிஸ்க் மட்டும் 100! டிஸ்க்கின் நலத்தைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலியில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு மஞ்சள் எச்சரிக்கை. கெட்டுப்போன செக்டாரை (தகவல் பதியும் சிறு பகுதியை) படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது; அதுவரை விண்டோஸும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. முதல் வேலையாகப் போட்டோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். பிறகு ரிச்சி தெருவில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டினேன். இப்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்தப் பழைய மெஷின் 11-க்குத் தகுதி பெறாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். கரண்ட் பில் கட்டவும் யூடியூப் பார்க்கவும் அப்பாவுக்கு அது போதும்.

இன்னொரு கூத்து. இடையில் "உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையை அடைத்து ஒரு அறிவிப்பு வந்திருக்கிறது. அப்பா அழைத்தே விட்டார்! ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொன்னபோது நல்லவேளையாக நான் உள்ளே வந்தேன். பணம் போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும் என்று எண்ணை மானிட்டரிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.