ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' நாவல் படிச்சவங்க வாங்க, எந்த இடம் உங்கள இன்னும் விடல?

காரைக்குடிப் பேரன்
படிச்சு முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல, அதான் எழுதுறேன். நாயகன் பாண்டியன், சுமத்ராவுல மெடான், மலாயாவுல பினாங்கு, நேதாஜியோட ஐ.என்.ஏ. படை எல்லாம் இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், கதைக்குள்ள போகல. என்னைப் புடிச்சு நிறுத்தினது சண்டையும் இல்ல புயலும் இல்ல, வட்டிக்கடை வர்ற பக்கங்கள். கடைய நடத்துற மேலாள், அவருக்குக் கீழ அடுத்தாள், பெட்டியடிப் பையன்னு வருதுல்ல, அந்த 'அடுத்தாள்'ங்கற சொல்ல நான் அதுக்கு முன்னாடி கேட்டது எங்க ஐயா வாயிலதான். அப்பாவோட அப்பா. பினாங்கு ஸ்ட்ரீட்ல செட்டியாருங்க வட்டிக்கடை நடத்துற ஒரு கிட்டங்கில அடுத்தாளா இருந்தவரு, ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சு 1946ல கப்பல் ஏறி வந்தாரு.

அவரோட தகரப் பெட்டிக்குள்ள ஒரு கட்டு ஜப்பான் நோட்டு இருந்துச்சு, பத்து வெள்ளி நோட்டு, வாழைமரம் குலை தள்ளி நிக்கிற படம் போட்டது. ஜப்பான்காரன் தோத்த அன்னிக்கே அது வெறும் காகிதம். நாங்க பசங்க அத வெச்சு முற்றத்துல கடை விளையாட்டு விளையாடுவோம், புளியங்கொட்டைக்கு பத்து வெள்ளி. ஒருநாள் ஐயா பார்த்துட்டாரு. அடி விழும்னு நெனச்சோம். அவரு பக்கத்துல வந்து குத்துக்கால் வெச்சு உக்காந்து, கீழ கெடந்த நோட்டெல்லாம் பொறுக்கி, எச்சி தொட்டு எண்ண ஆரம்பிச்சாரு, சத்து, டுவா, தீகா, அம்பாட், லீமான்னு மலாய்ல. முழுசா எண்ணி முடிச்சு திரும்ப என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒம்பது வயசு. என்ன ஐயா இதுன்னு ஒரு வார்த்தை கேக்கல நான். நாவல் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த எண்ணுற குரல்தான் கேட்டுச்சு.

கோடியக்கரை
ஐயா எண்ணுற எடத்துல எனக்குத் தொண்டைய அடைச்சிருச்சுங்க. நான் வேற மாதிரி. நாங்க கடல் வேலை. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப படகு போச்சு, வலை போச்சு, அப்பா அதுக்கப்புறம் தொழிலுக்குப் போறதில்ல, கட்டில்ல உக்காந்து பேசாமயே இருப்பாரு. அந்த நேரத்துலதான் இந்த புக்க ஒரு ஃப்ரெண்ட் குடுத்தான். தொங்கான்ங்கற பாய்மரக் கப்பல் புயல்ல மாட்டுற அத்தியாயம் இருக்கே, அத சும்மா சத்தமா படிச்சேன், அவரு கேக்கறாரான்னு கூட பாக்கல. அந்த எடத்துல வாக்கியமே ஒடைஞ்சு ஒடைஞ்சு வரும், மூச்சு வாங்குற மாதிரி, எனக்கே வேகமாத்தான் படிக்க வருது, நடுவுல நிறுத்த முடியல. நிமிந்து பாத்தா அப்பா கட்டில் சட்டத்த ரெண்டு கையாலயும் புடிச்சிருக்காரு, வெரல் வெளுத்துப்போச்சு.

முடிஞ்சதும் ஒரே கேள்வி, "சுக்கான் யாரு புடிச்சிருந்தா?" அப்புறம், "எழுதுனவன் தண்ணில கெடந்தவன்டா". படிச்ச நான் புயல பாத்தேன், அவரு சுக்கான் புடிச்சவன தேடியிருக்காரு. அன்னிக்கு ராத்திரி கஜாவப் பத்தி மொத மொதல்ல பேசினாரு, ரெண்டு மணி நேரம்.

நெல்லை வாசகி
மூணு தடவ ஆரம்பிச்சு விட்டவ நான், நாலாவது தடவதான் உள்ள போக முடிஞ்சது. அவ்ளோதான் என் கதை. ஆனா புதுசா படிக்கறவங்களுக்குச் சில விஷயம் சொல்லணும், ஏன்னா நெறய பேரு மொத அம்பது பக்கத்துலயே வெச்சுடறாங்க. மலாய் வார்த்தை வந்தா நிறுத்தாதீங்க, ஒவ்வொண்ணா தேடிட்டு இருந்தா உரைநடையோட தாளம் செத்துடும், நாலு தடவ வந்தா அதுவே புரியும். ஆனா மேப் ஒண்ணு பக்கத்துல வெச்சுக்கங்க, சுமத்ராவுல மெடான், அதோட துறைமுகம் பெலாவான், குறுக்க மலாக்கா ஜலசந்தி, அந்தப் பக்கம் பினாங்கு. இந்தக் குறுகலான கடல்லதான் அவ்வளவும் நடக்குதுன்னு தெரிஞ்சா அந்தப் புயல் இன்னும் பயமா இருக்கும். தேதியும் மனசுல இருக்கட்டும், பினாங்கு விழுந்தது 1941 டிசம்பர், சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15, மெடானுக்குள்ள ஜப்பான்காரன் வந்தது அதே வருஷம் மார்ச், நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலை.

முடிஞ்சா அவரோட இன்னொரு நாவல் 'கடலுக்கு அப்பால்' மொதல்ல படிங்க, அது சின்னது, நேரா போகும், செல்லையா மரகதம் கதை, அதே பினாங்கு அதே வட்டிக்கடை, கண்ணு பழகிடும். சிங்காரம் எழுதினதே இந்த ரெண்டு நாவல்தான். சிங்கம்புணரிக்காரரு, 18 வயசுல மெடானுக்குப் போனவரு, அதனாலதான் தெரு, சாப்பாடு, பேச்சு எல்லாமே கையில தொட்டுப் பாக்கற மாதிரி இருக்கு. புத்தகமா வந்தது 1972ல, எழுதி பத்து வருஷம் கழிச்சு, அத நெனச்சாலே வயிறு எரியுது. அப்புறம் காரைக்குடி அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, இத வட்டிக்கடை நாவல்னு சொன்னா சின்னதாக்குற மாதிரி ஆயிடும். அந்தக் குடிச்சிட்டு தமிழ்ப் பெருமையப் பத்தி விவாதம் பண்ற பக்கங்கள் இருக்கே, அதுதான் நெஞ்சு. அத மட்டும் தனியா ரெண்டு தடவ படிங்க.

காரைக்குடிப் பேரன்
வட்டிக்கடை நாவல்னு நான் சொல்லவே இல்லம்மா. எனக்கு எங்க வலிச்சதுன்னு மட்டும்தான் சொன்னேன்.

சுங்கைப்பட்டாணி
நான் மலேசியா. புத்தகம் பிடிக்கும், மொழிய பத்தி ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா நீங்க எல்லாரும் பேசறது கடைத்தெரு மலாயாவ. நாங்க தோட்டத்து ஆளுங்க, பால் மரம் சீவுன குடும்பம். எங்க பாட்டியோட அண்ணன லோரில ஏத்திட்டுப் போனாங்க, ஜப்பான்காரனோட சயாம்-பர்மா ரயில் பாதை போட. 415 கிலோமீட்டர், காடு மலைன்னு 1942ல ஆரம்பிச்சு 43ல முடிச்சுட்டான், எத்தன தமிழாளு செத்தான்னு யாருக்கும் முழுக் கணக்கு தெரியாது. அவரு திரும்பி வரல. பாண்டியன் போல மதுரைத் தெருவ நெனச்சு நெனச்சு பேச அவருக்கு யாரு இருந்தா? இன்னொண்ணு, இவ்ளோ பெரிய நாவல்ல மனசுல நிக்கற மாதிரி ஒரு பொம்பள கூட இல்ல எனக்கு. ஐ.என்.ஏ.வோட பெண்கள் படையான ஜான்சி ராணி படையில ரப்பர் தோட்டத்துப் பொண்ணுங்க துப்பாக்கி தூக்கிட்டு நின்ன காலம் அது.

பாட்டி கட்டிலுக்கு அடியில ஒரு மைலோ டின் இருக்கும், நெறய அரிசி, மூடிக்கு மேல துணி கட்டி. மாசம் ஒரு தடவ பழைய அரிசிய எடுத்து சோறாக்கிட்டு புதுசு கொட்டுவாங்க. ஏன் பாட்டின்னு கேட்டா, "ஜப்பான்காரன் வந்தா மரவள்ளிக் கிழங்குதான்டி, பிள்ளைங்களுக்கு ஒரு வேளையாவது சோறு வேணாமா?" நான் யூனிவர்சிட்டி படிக்கும்போது கூட அந்த டின் அங்கதான் இருந்துச்சு. அந்த டின்ன நான் நாவல் முழுக்க தேடினேன், கிடைக்கல.

நெல்லை வாசகி
அக்கா, பொம்பளைங்க விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், அத நான் மறுக்கல. ஆனா ஒரு ஆளு தான் பாத்ததத்தானே எழுத முடியும், தோட்டத்த அவரு எழுதலன்னு குறை சொல்றது நியாயமா?

சுங்கைப்பட்டாணி
குறை இல்லம்மா. பசி மாதிரி. அவ்ளோ நல்லா எழுதத் தெரிஞ்ச கை எங்க பக்கமும் திரும்பியிருக்கக் கூடாதான்னு.

கோடியக்கரை
அக்கா, பாட்டி இருக்காங்களா? இருந்தா உடனே போன்ல பேச வெச்சு ரெக்கார்ட் பண்ணிருங்க, நான் அப்பாகிட்ட அப்படித்தான் செஞ்சிட்டு இருக்கேன்.

சுங்கைப்பட்டாணி
2011லயே போயிட்டாங்க தம்பி. டின் எங்கிட்டதான் இருக்கு. போன வாரம்தான் அரிசி மாத்தினேன்.