புதுப்பிப்பு: கற்பிக்கத் தொடங்கிய பின் என் யோகப் பயிற்சி

தனியே யோகம் பயிலும்போது கிடைக்கும் அமைதி பிறருக்குக் கற்பிக்கும்போதும் நிலைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். நிலைக்கிறது, ஆனால் அதன் தன்மை மாறியிருக்கிறது. உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டினால் வேகஸ் நரம்பின் செயல்பாடு கூடி இதயத் துடிப்பு தணியும் என்பதைப் படித்து அறிந்திருந்தேன் என்றாலும், நாசித் துளைகளில் மாறி மாறி மூச்சுவிடும் நாடிசுத்தியை மெதுவாகச் சொல்லிக்கொடுத்து, மாணவர்களின் தோள்கள் தளர்வதைக் கண்டபோது என் மூச்சும் அவர்களோடு சேர்ந்து தணிவதை உணர்ந்தேன். சவாசனத்தில் அனைவரும் படுத்திருக்க, நான் மட்டும் விழித்தமர்ந்திருக்கும் நிமிடங்களில், பேச்சே இல்லாத ஓர் ஆழ்ந்த நெருக்கம் உண்டாகிறது. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி, யோகத்தின் எட்டு உறுப்புகளில், அகிம்சையில் தொடங்கும் ஒழுக்க நெறிகளான இயமத்தை முதலிலும் ஆசனத்தை மூன்றாவதாகவும் வைத்தது எனக்கு இப்போது மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. எவருடைய உடலையும் அதன் எல்லைக்கு மேல் வற்புறுத்தாதிருப்பதே ஆசிரியரின் முதல் பயிற்சி. கற்பிக்க விரும்புவோர், வகுப்புக்கு முன் தமக்கான பயிற்சியை விடாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.