‘பின்புல அறிக்கை’யா, ‘நாடறிக்கை’யா? தண்டனைக்கு முன் வரும் அறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். நன்னடத்தை (புரொபேஷன்) அலுவலர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்று நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன். குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது, தண்டனை இன்னும் சொல்லப்படவில்லை. அந்த இடைவெளியில் அவருடைய குடும்பம், படிப்பு, வேலை, முன்குற்றம், மனநலம், திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றையும் விசாரித்து நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறார்களே, அந்த வேலைக்கும் அறிக்கைக்கும் என்ன பெயர் வைப்பது? ‘குற்றவாளி மதிப்பீடு’ என்று எழுதி, அடித்துவிட்டேன். நிலத்துக்கும் நகைக்கும் போடுவது மதிப்பீடு. ஆளுக்குப் போடலாமா?

திருச்சியிலிருந்து வழக்கறிஞர்:

தாராளமாகப் போடலாம். விடைத்தாள் மதிப்பீடு என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிறது. நீதிமன்றத்தில் நாங்கள் எல்லோரும் ‘பி.ஓ. (புரொபேஷன் ஆபீசர்) ரிப்போர்ட்’ என்றுதான் சொல்கிறோம் என்பது வேறு விஷயம்.

பெயர் எதுவானாலும், அது வெறும் சடங்கு என்ற எண்ணம் கையேட்டைப் படிப்பவருக்கு வந்துவிடக் கூடாது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 6ஆம் பிரிவைப் பாருங்கள். 21 வயது நிரம்பாதவர், குற்றம் ஆயுள் தண்டனைக்கு உரியதல்ல என்றால், எளிதாகச் சிறைக்கு அனுப்பிவிட முடியாது. நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். சிறைதான் என்று முடிவுசெய்தால் காரணத்தை எழுத வேண்டும். தண்டனை பற்றித் தனியாகக் கேட்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) என்று மனப்பாடம் செய்திருந்தோம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 258(2).

தஞ்சாவூரிலிருந்து தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, சொல் இருக்கிறது. நாம்தான் மறந்துவிட்டோம். குறள் 561: ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.’ முதலில் நாட வேண்டும், அதாவது ஆராய வேண்டும். தலைச்செல்லா வண்ணம் என்பது அவன் மீண்டும் அதைச் செய்யாதபடி. ஒத்தாங்கு என்பது குற்றத்துக்கு ஒத்த அளவில். உங்கள் கையேட்டின் மூன்று அத்தியாயமும் ஒன்றே முக்கால் அடியில் இருக்கின்றன. ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்பதிலும் அதே வினைதான். மருத்துவர் நோயை நாடுவதுபோல அலுவலர் குற்றத்தின் முதலை நாடுகிறார். ஆகவே நாடறிக்கை.

திருச்சி வழக்கறிஞர்:

> ஆகவே நாடறிக்கை.

ஐயா, மன்னிக்க வேண்டும். நாட்டைப் பற்றிய அறிக்கை என்றுதான் யாரும் படிப்பார்கள். பட்ஜெட் சமயத்தில் வந்தால் இன்னும் குழப்பம்.

தஞ்சாவூர் தமிழாசிரியர்:

படிக்க மாட்டார்கள். நாட்டைப் பற்றியது என்றால் டகரம் இரட்டித்து ‘நாட்டறிக்கை’ ஆகும். ‘நாட்டுப்பண்’, ‘வீட்டுவரி’ போல. இரட்டாமல் ‘நாடறிக்கை’ என்று நின்றாலே வினைத்தொகை: நாடிய அறிக்கை, நாடுகின்ற அறிக்கை, நாடும் அறிக்கை. இலக்கணமே காவல் நிற்கும்போது என்ன குழப்பம்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியை:

இலக்கணம் சரி, ஐயா. ஆனால் இரட்டித்ததா இல்லையா என்று பார்த்துப் பொருள்கொள்ளும் வாசகர் எத்தனை பேர்? எங்கள் பக்கம் திணைக்களத்தின் பெயரிலேயே ‘நன்னடத்தை’ இருப்பதால் அந்தச் சொல் வீடுவரை போய்விட்டது. அதை ஒட்டியே எதையாவது அமைக்கலாம். பழைய சொல்தான் வேண்டுமென்றால், ஆராய்தல் என்ற பொருளில் ‘தேர்தல்’ இருக்கிறது. ‘தேரா மன்னா’ என்று கண்ணகி கேட்டது இந்த ஆராய்ச்சி இல்லாததால்தானே?

திருச்சி வழக்கறிஞர்:

பாண்டியன் தவறியது அதற்கு முந்தைய படியில், அம்மா. கோவலன் கள்வனா என்பதையே அவன் தேரவில்லை. நாம் பேசுவது கள்வன்தான் என்று முடிவான பிறகு வரும் கேள்வி. தவிரவும், தேர்தல் இன்று வாக்குச்சாவடிக்குப் போய்விட்டது, தேர்வு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

சென்னையிலிருந்து கணினித் துறை நண்பர்:

கையேட்டில் ‘ரிஸ்க்’ எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ‘இடர்’ போட்டிருக்கிறீர்களா? எனக்கு ஒப்பவில்லை. இடர் என்பது ஒருவர்மேல் வந்து விழுவது. இங்கே குற்றவாளியால் பிறருக்கு வரக்கூடியதைச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் காம்பஸ் என்ற மென்பொருள் இதற்கு எண்ணே போடுகிறது. அந்த எண் எப்படி வந்தது என்பது நிறுவனத்தின் வணிக ரகசியம். 2016இல் லூமிஸ் வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், எண்ணைப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துத் தண்டனையை முடிவுசெய்யக் கூடாது, அதன் குறைகளையும் அறிக்கையோடு எழுத வேண்டும் என்றது. ‘மறுகுற்ற வாய்ப்பு’ என்றால் அது வாய்ப்பு மட்டுமே என்பது சொல்லிலேயே தெரியும்.

தஞ்சாவூர் தமிழாசிரியர்:

‘மறு’வுக்குக் களங்கம் என்ற பொருளும் உண்டு. திங்களின் மறு. அவன்மேல் ஏற்கெனவே இருக்கும் கறையின்மேல் நாமும் ஒன்றை வைக்க வேண்டாம். ‘மீள்குற்றம்’ என்று வையுங்கள்.

சேலத்திலிருந்து நன்னடத்தை அலுவலர் (ஓய்வு):

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருமுறை பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுடைய வீட்டுக்குப் போனேன். திருட்டு வழக்கு. நான் பேனாவைத் திறக்கும் முன்பே அவன் தாய் உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கபடிச் சான்றிதழைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். “இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா” என்றார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ‘உங்கள் மகனை மதிப்பிட வந்திருக்கிறேன்’ என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. ‘விசாரணை’ என்றாலோ போலீஸ் என்று கதவைச் சாத்துவார்கள். நாடறிக்கை என்றால் எனக்கே விளக்கம் வேண்டும், ஐயா. ‘பின்புலம் கேட்டு எழுத வந்திருக்கிறேன்’ என்றால் புரியும். ‘பின்புல அறிக்கை’ போதும்.

இன்னொன்று. நன்னடத்தைச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி அறிக்கை ரகசியமானது. ஆனால் அதன் சாரத்தைக் குற்றவாளிக்குச் சொல்லி, மறுத்துச் சான்று காட்ட வாய்ப்புத் தரலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. அந்த வரியைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

திருச்சி வழக்கறிஞர்:

சேலம் அம்மா சொல்வதை ஏற்கிறேன். 2022இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை கோரும் வழக்குகளில் இளமைக்காலக் குடும்பச் சூழல், படிப்பு, வருமானம், மனநிலை எல்லாவற்றையும் விசாரணை நீதிமன்றத்திலேயே அரசுத் தரப்பு முன்வைக்க வேண்டும் என்றது. அவை அத்தனையையும் பின்புலம் தாங்கும்.

மதுரை மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு பதினொன்று. ‘பின்புல அறிக்கை’க்கு ஐந்து பேர், ‘மதிப்பீட்டு அறிக்கை’க்கு இருவர், ‘நாடறிக்கை’க்கு ஐயா ஒருவர். கையேட்டில் ‘பின்புல அறிக்கை’, ‘மறுகுற்ற வாய்ப்பு’ என்றே வைக்கிறேன். நாடறிக்கையைச் சொல்லடைவில் சேர்த்துவிட்டேன்.

தஞ்சாவூர் தமிழாசிரியர்:

சொல்லடைவில் இடம் தந்ததற்கு நன்றி. ஆனால் என் மறுப்பு நிற்கிறது. பின்புலம் என்பது அவன் வந்த வழி. நீதிபதி கேட்பதோ அவன் இனிப் போகும் வழியையும் சேர்த்து. மரண தண்டனை வழக்கிலேயே திருந்தும் வாய்ப்பைப் பார்க்க வேண்டும் என்று 1980இல் பச்சன் சிங் தீர்ப்பு சொல்லிவிட்டதே. உங்கள் சொல்லில் அந்தப் பாதி எங்கே?

மதுரை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, இந்த மடல் நேற்று வந்திருந்தால் நிச்சயம் இன்னொரு நாள் கேட்டிருப்பேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. ‘பின்புலம்’ வரும் 31 இடங்களையும் என் படியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.