நிலா சீட்டில் ஊர்ந்து வருவது நண்டா?

மண்டபம்காரி: கீழக்கரைத் தோழி டாரட் (படச் சீட்டு எடுத்துக் குறி பார்ப்பது) பார்த்ததில் 18-ஆம் சீட்டு, நிலா, தலைகீழாக வந்தது. குளத்திலிருந்து நண்டு மாதிரி ஏதோ ஏறுகிறது, ரெண்டு நாய் ஊளையிடுகிறது. கெட்டதா?

பாம்பன் காத்து: நண்டு இல்லை, கிரேஃபிஷ், சிங்கி இறால் சாயலில் இருக்கும். 1909-இல் வந்த ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டில், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது, ஒன்றுதான் நாய், மற்றது ஓநாய். நாய் பழகின மனசு, ஓநாய் பழகாத மனசு. தண்ணீரிலிருந்து ஏறுவது உள்ளே அமுங்கிக் கிடந்த பயம். கெட்ட சீட்டு என்று சொல்ல மாட்டேன், அரைகுறை வெளிச்சத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள் என்கிறது, அவ்வளவுதான்.

தொண்டி அக்கா: தலைகீழாக வந்தால் குழப்பம் தெளிகிறது என்று பலர் சொல்வார்கள். எங்கள் பக்கம் பௌர்ணமி என்றால் ஓதம் ஏறுமே என்று வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுவோம், நிலாவுக்கு யார் பயந்தார்கள்! ஆமாம், என்ன கேட்டுச் சீட்டு எடுத்தாய் தங்கச்சி?