விற்கும் முன் குளியலறையைப் புதுப்பித்தால் விலை கூடுமா? (தருமபுரி)

இலக்கியம்பட்டியான்:
தருமபுரி இலக்கியம்பட்டியில் 20 ஆண்டுகளுக்கு முன் கட்டிய எங்கள் வீட்டை 50 இலட்சம் ரூபாய்க்கு விற்க எண்ணியுள்ளோம். இரண்டு குளியலறைகளிலும் பழைய டைல்ஸ்தான் இருக்கிறது. பின்பக்கக் குளியலறையின் வெளிச்சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. இரண்டையும் இடித்துப் புதிதாக்க மேஸ்திரி 3 இலட்சம் கேட்கிறார். அந்தப் பணம் விலையில் திரும்பி வருமா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அளவுநாடா:
வராது. வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். நம் ஊரில் பழைய வீட்டுக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பங்கு மண்ணுக்கு உரியது. கட்டடத்துக்குச் சதுர அடிக் கணக்கில் மதிப்புப் போட்டு, வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்துத்தான் அறிக்கை எழுதுகிறோம். சென்ற மாதம் டைல்ஸ் மாற்றியதால் கட்டடத்தின் வயது குறைந்துவிடாது. குளியலறைக்கென்று தனி மதிப்புக் கொடுக்கும் அமெரிக்காவிலேயே, 'ரிமாடலிங்' இதழின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, நடுத்தரக் குளியலறைப் புதுப்பிப்பில் போட்ட பணத்தில் ஏறத்தாழ 74 விழுக்காடுதான் மறுவிற்பனையில் மீளும் என்று கணக்கிட்டது. தருமபுரியில் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

வத்தல்மலை:
ஐயா, உங்கள் அறிக்கை வங்கிக்குப் போகிறது. வீட்டைப் பார்த்து முடிவெடுப்பது வாங்குகிறவரின் குடும்பம். நாங்களும் இப்போது பென்னாகரம் சாலைப் பக்கம் வீடு தேடுகிறோம் என்பதால், வாங்குகிறவர் கையில் என்ன மிஞ்சும் என்பதை விளக்குகிறேன். 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரையிலான வீட்டுக் கடனில், ரிசர்வ் வங்கி விதிப்படி, மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தராது. 50 இலட்சம் வீட்டுக்கு 10 இலட்சம் எங்கள் கையிலிருந்து போகிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 விழுக்காட்டுக்கு இன்னும் நான்கரை இலட்சம் வேண்டும். அதையும் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இத்தனையும் கொடுத்துவிட்டுக் குடிபுகுகிற குடும்பத்திடம் குளியலறையை இடித்துக் கட்ட ரொக்கம் இருக்காது. தயாராக உள்ள வீட்டுக்கு அவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள், ஏனென்றால் அந்தக் கூடுதல் தொகையின் பெரும்பகுதி கடனோடு சேர்ந்துவிடும். கைக்காசாகத் தேட வேண்டியதில்லை.

அளவுநாடா:
சகோதரி, கூடுதல் தொகை கடனோடு சேர வேண்டுமென்றால் என் போன்றவரின் மதிப்பீடும் அந்த அளவுக்கு உயர வேண்டும்; அது உயராது என்பதைத்தான் மேலே சொன்னேன். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விற்பனைக்கு வந்த பழைய வீட்டில் குளியலறை மட்டும் பளபளத்தால், கசிவை மறைக்கிறார்கள் என்ற ஐயமே முதலில் எழும். நம் பகுதி நீரின் தன்மையும் தெரிந்ததுதான். நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருந்ததால்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் குளிக்கவும் கழுவவும் இன்றும் போர் தண்ணீர்தான். அதன் சுண்ணாம்பு உப்பு, விலையுயர்ந்த குழாய்களிலும் வெகு விரைவில் வெள்ளையாகப் படிந்துவிடும். வீடு விற்கும் வரைகூட அந்தப் பளபளப்பு நிற்காது.

கொத்துக்கரண்டி:
கட்டட வேலை எடுத்துச் செய்பவன் நான். இருவரும் டைல்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள்; இந்த வீட்டின் குறை அந்த வெளிச்சுவரில் இருக்கிறது. சுவரில் உப்புப் பூத்திருந்தால், தரைக்கு அடியில் உள்ள பள்ளமான தளத்தில் நீர் தேங்குகிறது, அல்லது சுவருக்குள் புதைந்த பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிகிறது. எது என்று தெரியாமல் மேலே புதிய டைல்ஸ் ஒட்டினால் அடுத்த மழைக்குள் ஓதம் மீண்டும் வெளியே தெரியும். பின்பக்கக் குளியலறையை மட்டும் தளம் வரை உடைத்து, குழாயை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் பூசி, நஹானி டிராப்பை (தரையில் நீர் வெளியேறும் வாயை) அடைத்துவிட்டு 24 மணி நேரம் நீர் நிறுத்திச் சோதித்த பிறகு, வழுக்காத சாதாரண டைல்ஸ் பதியுங்கள். முன்பக்கக் குளியலறைக்கு டைல்ஸ் இணைப்பு இடைவெளிகளைச் சுரண்டி எபாக்சி (நீர் புகாத பசை) நிரப்பி, உளுத்த கதவை மாற்றினால் போதும். வாசல்படிக்கும் மேடைக்கும் கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட் பட்டறைகளில் வெட்டித் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும்.

வத்தல்மலை:
இதை ஏற்கிறேன். ஆனால் முழுச் செலவும் வீண் என்ற அளவுநாடா ஐயாவின் கருத்தை ஏற்கவில்லை. மேம்பாட்டுச் செலவுக்கு ரசீது இருந்தால், மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற இலாபத்தின் மீதான வரி, கணக்கிடும்போது அதைக் கழிக்கலாமே?

அளவுநாடா:
கழிக்கலாம், அது மேம்பாடு என்று ஒப்புக்கொள்ளப்பட்டால். கசிவை அடைப்பதும் கதவு மாற்றுவதும் பழுதுபார்ப்பு என்று வரித்துறை சொன்னால் கழிவு கிடைக்காது. 3 இலட்சமும் மேம்பாடாகவே ஏற்கப்பட்டாலும், 12.5 விழுக்காட்டு வரியில் மிஞ்சுவது 37,500 ரூபாய். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் பணவீக்கச் சரிக்கட்டலுடன் (வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 விழுக்காட்டு முறைப்படி கணக்கிட்டாலும் மிஞ்சுவது 60,000 ரூபாய். அதற்காக 3 இலட்சம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். கசிவை அடைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஓதம் ஏறிய சுவரை நாங்களும் அறிக்கையில் குறிப்பிடுகிறோம். முன்பக்கத்தை அப்படியே விட்டு, மேஸ்திரியிடம் எழுத்தில் வாங்கிய செலவு மதிப்பீட்டைப் பேரத்தின்போது காட்டுங்கள். குறைக்கச் சொல்கிறவர் அந்தத் தொகைக்குள் நிற்பார்.

வத்தல்மலை:
நிற்க மாட்டார், ஐயா. விற்பவர் கொண்டுவரும் மதிப்பீட்டை வாங்குகிறவர் நம்புவதில்லை. தன் மேஸ்திரியை அழைத்து வந்து ஒன்றரை மடங்கு சொல்ல வைப்பார்.

இலக்கியம்பட்டியான்:
அனைவருக்கும் நன்றி. பின்பக்கத்தை உடைத்துப் பார்க்க மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். கொத்துக்கரண்டி அண்ணா, பழைய இரும்புக் குழாயாக இருந்தால் முன்பக்கத்துக்குப் போகும் குழாயையும் சேர்த்து இப்போதே மாற்ற வேண்டுமா?

கொத்துக்கரண்டி:
மாற்றுங்கள். இரண்டும் ஒரே காலத்தில் புதைத்தவை என்றால் பின்பக்கத்தில் துருப்பிடித்தது முன்பக்கத்திலும் பிடித்திருக்கும். பழைய வழியை விட்டுவிட்டு வெளிச்சுவர் மேலாகவே புதிய குழாய் கொண்டுபோனால் முன்பக்க டைல்ஸில் பெரும்பகுதியை உடைக்க வேண்டியிருக்காது.