மறு: ‘ஆபத்துக் காரணி’யா, ‘இடர்க்கூறா’?

அண்ணாச்சி,

நம் துண்டுப்பிரசுரத்துக்கு நீங்கள் வைத்த சொற்களைப் பார்த்தேன். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களான தமனிகள் அடைபடுகிற நோய்க்கு (peripheral artery disease) ‘புறத்தமனி நோய்’ எனக்குச் சம்மதம். இலங்கை வழக்கில் தமனியை நாடி என்பார்கள். ஆனால் திருநெல்வேலியில் நாடி என்றால் மோவாய். ‘புறநாடி நோய்’ என்று அச்சடித்தால் தாடையில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள்.

Risk factor என்பதற்கு வைத்த ‘ஆபத்துக் காரணி’தான் இடிக்கிறது. நம் துண்டுப்பிரசுரம் போகப்போவது மேலப்பாளையம், முக்கூடல் என்று பீடி சுற்றுகிற ஊர்களுக்கு. காரணி என்றதும் காரணம் என்றே படிப்பார்கள். “எங்க தாத்தா எம்பது வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, காலுக்கு என்ன ஆச்சு?” என்று ஒருவர் கேட்டால் பேச்சு அதோடு முடிந்தது. புகை இந்த நோயை வரவழைத்தே தீரும் என்று நாம் சொல்லவில்லை. வரும் வாய்ப்பை மிக அதிகமாக ஏற்றுகிறது என்கிறோம். அடுத்தது சர்க்கரை. அப்புறம் ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரக நோய். பீடியும் சர்க்கரையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் இன்னும் மோசம். 65 வயது தாண்டுவதும் இந்த வரிசையில் உண்டு. வயதைப் போய்க் ‘காரணி’ என்பதா?

அதனால் ‘இடர்க்கூறு’. இடரில் ஒரு பங்கு, அவ்வளவுதான். பீடியை விட்டால் அந்தப் பங்கு நாளடைவில் குறையும், வயதின் பங்கு குறையாது என்று சொல்லவும் வசதி. ‘கூறுகெட்டவன்’ நினைவுக்கு வருகிறதே என்று யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நடந்தால் வரும் கால்வலிக்கு (intermittent claudication) ‘விட்டுவிட்டு நொண்டல்’ வேண்டவே வேண்டாம். இந்த நோயாளிகளில் பலர் நொண்டுவதில்லை. “நடந்தா கெண்டைக்கால் பிடிக்கி, செத்த நேரம் நின்னா விட்டிருது” என்பார்கள். ரத வீதியில் பாதி தூரம் போனதும் பாத்திரக்கடை வாசலில் விலை பார்ப்பதுபோல் நின்றுவிடுகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். ‘நடைப்பிடிப்பு’ என்று வைக்கலாமா? ராத்திரி படுக்கையில் இழுக்கிற குரக்குவலி வேறு, அதோடு குழம்பாது.

சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருந்தால் இந்தப் பிடிப்பே தெரியாமல் போகலாம். பாதத்தில் ஆறாத புண்ணாகத்தான் தலைகாட்டும். இதைத் தனி வரியாக, பெரிய எழுத்தில் போட வேண்டும்.

சோதனைக்குக் ‘கணுக்கால்–கை அழுத்த விகிதம்’ போதும். கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்ததால் வகுப்பதுதானே? 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். ஆங்கிலத்தில் index என்று இருப்பதற்காக ‘குறியெண்’ எதற்கு, சொல்லுங்கள்.