கவிதைத் தொகுப்பு, சிறுகதைப் போட்டி: எங்க அனுப்புறது, காசு கட்டணுமா?

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம், ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். கவிதை ஒரு அறுபது தேறும், சிறுகதை ஏழெட்டு இருக்கு, கவிதைல பாதி ஃபேஸ்புக்ல போட்டது, மீதி நோட்டுல கெடக்கு. போன வாரம் ஒரு வாட்ஸப் குரூப்ல தொகுப்பு நூல் போட்டின்னு ஒரு போஸ்டர் வந்துச்சு, நூறு கவிஞர்கள், நுழைவுக் கட்டணம் 499, கலந்துக்குற எல்லாருக்கும் சான்றிதழும் பதக்கமும், ஐஎஸ்பிஎன்ங்குற புத்தக அடையாள எண் உண்டு, மேடைல பட்டமும் தருவாங்களாம். இன்னொரு பக்கம் ஒரு பதிப்பகம், முப்பதாயிரம் குடுங்க முந்நூறு பிரதி போட்டுத் தர்றோம்ங்குறாங்க. இதெல்லாம் இப்படித்தான் நடக்குமா? காசே கட்டாம சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்ப வழி இருக்கா? ஃபேஸ்புக்ல போட்ட கவிதைய போட்டிக்கு அனுப்பலாமா கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எங்க வீட்ல யாரும் இந்தப் பக்கமே வந்ததில்ல.

புரூப்_கண்ணாடி:

சின்னப் பதிப்பகங்களுக்கு லேஅவுட்டும் (பக்க அமைப்பு) புரூப்பும் (பிழை திருத்தம்) பாக்குறவன் நான், அதனால உள்ள இருந்து சொல்றேன். அந்த 499 போட்டில ஜெயிக்கிறது தோக்குறதுன்னு ஒண்ணுமே கிடையாது. நூறு பேர் கட்டுனா அம்பதாயிரம் வந்துரும், புத்தகம் அடிக்க அதுல பாதி கூட ஆகாது, எழுதுனவங்களே ஆளுக்கு ரெண்டு பிரதி வாங்கி சொந்தக்காரங்களுக்குக் குடுப்பாங்க, அதோட முடிஞ்சுது. கடைக்கும் போகாது, மதிப்புரையும் வராது. ஐஎஸ்பிஎன்னை ஒரு பெரிய சலுகையா போட்டிருக்காங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரிச்சலே. நம்ம நாட்டுல ஐஎஸ்பிஎன் இலவசம். டெல்லில ராஜா ராம்மோகன் ராய் பேர்ல இருக்குற ஏஜென்சி குடுக்குது, பதிப்பகம்னு இல்ல, தனி ஆளே ஆன்லைன்ல விண்ணப்பிச்சு வாங்கலாம். அதுக்குன்னு தனியா காசு கேட்டா அப்பவே எந்திரிச்சு வந்துருங்க.

ஒழுங்கான சின்னப் பதிப்பகம் எப்படி எடுக்கும்னா, பெரும்பாலும் உங்க பேரை முன்னாடியே எங்கயாவது பாத்திருக்கணும். அதனால புத்தகத்தோட நேரா போய் நிக்கறதுக்கு முன்னாடி இதழ்கள்ல வாங்க. இணையத்துல சொல்வனம் 2009ல இருந்து வருது, கனலி, வாசகசாலை இருக்கு, மலேசியால இருந்து வல்லினம் வருது, அறிவியல் புனைகதைன்னா அரூ, இப்போ வருதான்னு பாத்துக்குங்க. அச்சுல காலச்சுவடு, உயிர்மை, கணையாழி, நீலம். எல்லாத்துக்கும் ஒரே கவிதைய அள்ளி அனுப்பாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ருசி இருக்கு, ரெண்டு இதழாவது படிச்சா உங்க எழுத்து அங்க ஒட்டுமா ஒட்டாதான்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். தமிழ்ல இந்த வட்டம் ரொம்பச் சின்னது, ரெண்டு எடிட்டருக்கு ஒரே நேரத்துல அனுப்பி ரெண்டு பேரும் போட்டுட்டாங்கன்னா அந்த மனஸ்தாபம் லேசுல போகாது. பதில் வர ரெண்டு மூணு மாசம் ஆகும், சில இடத்துல வரவே வராது, அதுக்கப்புறம் ஒரு வரி மெயில் போட்டு திரும்ப எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு வேற இடத்துக்கு அனுப்பலாம்.

அனுப்பும்போது யூனிகோட்ல, வேர்டு ஃபைலா அனுப்புங்க. பாமினிங்கற பழைய ஃபாண்ட்ல அடிச்சு அனுப்புறவங்க இன்னமும் இருக்காங்க, அந்த ஃபாண்ட் எங்க சிஸ்டத்துல இல்லன்னா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமாத்தான் தெரியும். வாட்ஸப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுறதும் வேண்டாம், வரி உடையிற இடம் மாறிப்போயிடும், இமோஜி வேற கூட வரும். கவிதைல வரி எங்க உடையுதுன்னு நாங்க யூகிக்க முடியாது, நீங்க வச்சாதான் உண்டு. ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்துல ஆரம்பிக்கட்டும். மெயில்ல நீங்க யாரு, இதுக்கு முன்னாடி எங்க வந்திருக்கு, இது வேற எங்கயும் வரலைங்கற உறுதி, இந்த மூணு போதும். கூடவே ஒரு பக்கத்துக்குத் தன்வரலாறு வந்தா யாரும் படிக்கிறதில்ல.

இன்னொண்ணு, அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அனுப்பாதீங்க. சென்னைப் புத்தகக் காட்சிக்கு எல்லாரும் நாக்குத் தள்ளிட்டு ஓடுற நேரம் அது. பிப்ரவரி மார்ச்ல அனுப்புனா நிதானமா படிப்பாங்க.

மூணாவது_பெஞ்ச்:

கண்ணாடி சொல்றதுல முக்காவாசி சரி. ஆனா காசு போட்டு புத்தகம் போடுறதே கேவலம்ங்கற மாதிரி ஒரு தொனி எப்பவும் வருது இங்க, அத ஒத்துக்க முடியல. எழுத்தாளர் சி.சு.செல்லப்பா 1959ல எழுத்து பத்திரிகைய ஆரம்பிச்சு 1970 வரைக்கும் நடத்துனது கைக்காசுலதான், புத்தகத்தைத் தூக்கிட்டு காலேஜ் காலேஜா போய் வித்தவர் அவரு. தமிழ்ல சிறுபத்திரிகையே அப்படித்தான் வளந்துச்சு. கவிதைத் தொகுப்பு எத்தனை விக்கும்னு நினைக்கிறீங்க? முன்னாடி ஆயிரம் பிரதி அடிப்பாங்க, இப்போ பிரிண்ட் ஆன் டிமாண்ட் (தேவைக்கேத்த மாதிரி அடிக்கிறது) வந்தப்புறம் நூறு நூறா அடிக்கிறாங்க, பதிப்பாளருக்கும் வேற வழி இல்ல.

என்னோட கேள்வி வேற. முப்பதாயிரம் குடுத்தா என்ன கிடைக்கும்? உங்க அறுபது கவிதை எப்படியும் எண்பது பக்கம் வரும், அச்சுல பதினாறு பக்கத்த ஒரு ஃபாரம்பாங்க, அந்தக் கணக்குல அஞ்சு ஃபாரம். அத அடிக்க ஆகுற செலவ ஈரோட்லயோ சிவகாசிலயோ ஒரு பிரஸ்ல விசாரிச்சிட்டு வாங்க, அப்புறம் அந்தப் பதிப்பகத்துகிட்ட எடிட்டிங் யாரு பண்றாங்க, எத்தனை கடைல இருக்கும், நூலக ஆணைக்கு (பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்குறது) யார் விண்ணப்பிப்பாங்க, பணம் வந்தா யாருக்குன்னு கேளுங்க. நூலக ஆணை கிடைச்சா பதிப்பகத்துக்கு நல்ல தொகை, உங்களுக்கு ஒரு பைசா வராம போக வாய்ப்பிருக்கு, அதனாலதான் சொல்றேன். பதில் மழுப்பலா வந்தா அந்தக் காசை நேரா பிரஸ்ல குடுத்து நீங்களே போட்டுக்கலாம், அட்டைக்கு மட்டும் ஒரு நல்ல ஆளைப் பிடிங்க.

போட்டி விஷயம். ‘வேறெங்கும் வெளிவராதது’ன்னு விதி இருந்தா ஃபேஸ்புக், பிளாக், பிரதிலிபி ஆப், கிண்டில் எல்லாமே வெளிவந்ததுதான். போஸ்டை டெலிட் பண்ணிட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்டோட ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. நோட்டுல கெடக்குறதுதான் இப்போ உங்க முதலீடு, அதைக் காப்பாத்துங்க. ஃபேஸ்புக்ல போட்டது உங்க சொந்தத் தொகுப்புல வர்றதுல தப்பே இல்ல, யாரும் கேக்க மாட்டாங்க. சிறுகதைய கல்கி நினைவுப் போட்டி மாதிரி வருஷா வருஷம் பேர் அடிபடுற இடத்துக்கு, அறிவிப்பு வருதான்னு பாத்து அனுப்புங்க. வயசு 35க்குள்ளன்னா சாகித்ய அகாடமி யுவ புரஸ்கார் ஒண்ணு இருக்கு, 50,000 ரூபா, ஆனா உங்க சொந்தப் புத்தகம் வெளிவந்திருக்கணும், நூறு பேர் தொகுப்புல ஒரு கவிதை வந்ததெல்லாம் அங்க செல்லாது.

தறிச்சத்தம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்த 499 போட்டியோட விதிமுறைய இப்பதான் முழுசா படிச்சேன், ஒன்பதாவது விதி இது: “அனுப்பப்படும் படைப்புகளின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தையே சாரும்.” இதுக்கு என்ன அர்த்தம், என் கவிதைய நானே வேற எங்கயும் போட முடியாதா?

கோர்ட்டுப்_படி:

வக்கீல் குமாஸ்தாவா ரொம்ப நாள் இருந்தவன், இது என் பேட்டை. தங்கச்சி, 1957ம் வருஷ பதிப்புரிமைச் சட்டப்படி எழுதுன அன்னைக்கே உரிமை உங்களோடது, பதிவு பண்ணணும்னு கூட அவசியம் இல்ல. அடுத்தவங்களுக்கு மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கணும், எந்த எழுத்து, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த ஊர் வரைக்கும், ராயல்டி (எழுதுனவருக்கு வர்ற பங்கு) எவ்வளவு எல்லாம் அதுல வரணும். 19வது பிரிவு. காலம் எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கும், இடம் எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வாங்கினவங்க ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையப் பயன்படுத்தலன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா ஒழிய, அதுவே காலாவதி. அதனால போஸ்டர்ல ஒரு வரி போட்டுட்டா எல்லாம் அவனுக்குப் போயிடாது. ஆனா ஃபார்ம்ல கையெழுத்து வாங்குனா கதையே வேற, அதுக்காக நீங்க கேஸ் நடத்திட்டு இருக்கப் போறீங்களா என்ன. அனுப்பாம இருக்குறது சுலபம்.

நல்ல பதிப்பகத்துல கையெழுத்துப் போடுறதுன்னாலும் அச்சுப் புத்தகம், மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமான்னு தனித்தனியா கேளுங்க. சிறுகதை எழுதுறவங்க முக்கியமா சினிமா உரிமைய விடவே கூடாது. ராயல்டி பத்து சதவீதம்பாங்க, விலைல பத்தா, கடைக்காரருக்குக் குடுக்குற கழிவு போக வந்த காசுல பத்தான்னு எழுதி வாங்குங்க, தகராறெல்லாம் அங்கதான் வருது.

பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம். இஞ்ச கதை வேற, பதிப்பகம் காசு போட்டு எடுக்கிறது எண்டது அருமை, கன பேர் தாங்களே அச்சடிச்சு வெளியீட்டு விழா வைக்கிறவை, வாற ஆக்கள் என்வலப்புக்குள்ள காசு வைச்சுக் குடுத்துப் புத்தகம் வாங்குவினம், அச்சுக்கூலி அப்பிடித்தான் வரும். அதை ஆரும் குறைவாப் பாக்கிறேல்ல. இஞ்ச இருந்து ஆரும் வாசிச்சா, ஜீவநதி இதழுக்கு அனுப்பிப் பாருங்கோ. புத்தகமா வந்திட்டுதெண்டா இலங்கை அரச இலக்கிய விருதுக்கும் குடுக்கலாம், தமிழுக்கும் இருக்கு. இந்தியப் போட்டியளுக்கு அனுப்பேக்க, இந்தியாவில வசிக்கிற ஆக்களுக்கு மட்டும் எண்டு விதி கிடக்கோ எண்டு முதல் பாருங்கோ, சிலதில அது கடைசி வரியிலதான் இருக்கும். மற்றது தங்கச்சி, நூலகம் எண்ட இணையத் தளத்தில (noolaham.org) மல்லிகை, அலை மாதிரிப் பழைய இதழ்கள் எல்லாம் ஸ்கான் பண்ணி இலவசமாக் கிடக்கு. ஒரு இதழ் எப்பிடிக் கவிதை தெரிவு செய்யும் எண்டு விளங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியேல்ல.

தறிச்சத்தம்:

நன்றி அண்ணா. கடைசியா ஒண்ணே ஒண்ணு, ஆபீஸ்ல தெரிய வேண்டாம்னு புனைபெயர்ல அனுப்பலாம்னு இருக்கேன், சன்மானம் வந்தா எப்படி வாங்குறது, உரிமைல சிக்கல் வருமா?

கோர்ட்டுப்_படி:

தாராளமா அனுப்பலாம். மெயில்ல நிஜப் பேரும் முகவரியும் குடுத்துட்டு, வெளியிடும்போது இந்தப் பேர் போடுங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பேங்க் கணக்கு நிஜப் பேர்லதானே இருக்கு, பணம் அதுக்கு வந்துரும். கூப்பிட்டுப் பட்டம் குடுக்குற ஆளுங்களுக்குத்தான் புனைபெயர் கஷ்டம். பதிப்புரிமை ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 60 வருஷமும், புனைபெயர்ல மட்டும் இருந்து ஆள் யாருன்னே கடைசி வரைக்கும் தெரியலன்னா வெளிவந்ததுல இருந்து 60 வருஷம். பதிப்பக ஒப்பந்தத்துல மட்டும் ரெண்டு பேரும் வரட்டும், இன்னார் என்கிற இன்னார்னு.

புரூப்_கண்ணாடி:

சிறுபத்திரிகைல சன்மானத்தை எல்லாம் ரொம்ப எதிர்பாக்காதீங்க, இதழ் ஒரு பிரதி வீட்டுக்கு வரும், அதுவும் சில நேரம் நீங்க ஞாபகப்படுத்தணும். முகவரில பின்கோடு போட மறந்துறாதீங்க.